இது எத்தனையாவது பிள்ளை?

1981ஆம் ஆண்டு, மட்டக்களப்பு வாவிக்கரை ஊரான அம்பிளாந்துறையில், எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு பேச்சை அம்மா பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அப்போது வயிற்றில் நாலு மாதம். வீடு வீடாக வரும் மருத்துவமாது கொப்பியை மடியில் விரித்து, "இது எத்தனையாவது?" என்று கேட்டிருக்கிறார். அம்மா "ரெண்டாவது" என்றிருக்கிறார். பக்கத்தில் பாக்குச் சீவிக்கொண்டிருந்த பெத்தா, அதாவது பாட்டி, குறுக்கிட்டு, "முதலாவது எண்டு எழுதுங்க மிஸ்ஸி, மூத்தது தங்கல்ல" என்றாராம். மருத்துவமாது பேனையை நிறுத்தி, "பெத்தா, பெத்த கணக்கு வேற, தங்கின கணக்கு வேற. எனக்கு ரெண்டும் வேணும்" என்று சொல்லி, இரண்டையும் எழுதிக்கொண்டு போனாராம்.

எங்கள் அண்ணன் இந்த உலகத்தில் இருந்தான் என்பதற்கு எழுத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தக் கொப்பியின் ஓர் இலக்கம்தான். அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. பிறப்பும் பதியவில்லை, இறப்பும் பதியவில்லை.

குறைந்த காலம் வாழ்ந்து நிறைய விட்டுச் சென்றவர்கள் என்று பேச்செடுத்தால் நாம் பாரதியைச் சொல்வோம். அவர் 38 வயதை முடித்தவர். கணிதமேதை இராமானுஜன் 32. பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் 29. அவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். எழுத்து நின்றது, அதனால் அவர்களும் நின்றார்கள். இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. ஆனால் ஒன்றுமே எழுதாத, ஒன்றுமே செய்யாத, ஒரு சொல்லும் பேசாத உயிர்கள் உண்டு. இரண்டு நாள், இரண்டு வாரம், சிலவேளை இரண்டு மணித்தியாலம். அவை எதையும் விட்டுச் செல்வதில்லை என்றுதான் ஊர் நினைக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. நாற்பது வருடமாக ஒரு வீட்டையும் ஒரு தெருவையும் பார்த்தபின், சில புத்தகங்களையும் மருத்துவக் கட்டுரைகளையும் வாசித்தபின் எனக்குத் தெளிவானது இதுதான்: அந்த உயிர்கள் விட்டுச் செல்வது உண்டு, அதை எடுத்துக்கொள்ள ஒருவர் வேண்டும். எண்ணுதல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். கணக்கிடுவதும் எண்ணுதல், நினைப்பதும் எண்ணுதல். இந்தக் கட்டுரை அந்த இரண்டும் சேருமிடத்தைப் பற்றியது.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது. எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் வயதானவர்கள் காலத்தை அதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்: சூறாவளிக்கு முந்தி, சூறாவளிக்குப் பிந்தி. தென்னைகள் வேரோடு கிடந்தன. வீட்டுக் கூரை பக்கத்து வளவில் கிடந்தது. ஏழாம் நாள் விடியப்புறம், எட்டாம் மாதத்திலேயே அம்மாவுக்கு நோவு கண்டது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து பெரிய வைத்தியசாலைக்குப் போக வாவியைக் கடக்க வேண்டும். அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் நடுவே ஓடுவது பாதை, அதாவது மிதவைப் படகு. அது அந்த வாரம் ஓடவில்லை. மறிந்த மரங்களுக்கு மேலால் ஏறி வந்த ஒரு வயதான மருத்துவிச்சி பிள்ளையை எடுத்தாள். ஆண் பிள்ளை. அழுதானாம். பிறகு முனகத் தொடங்கினானாம்.

"ஒவ்வொரு மூச்சுக்கும் ம்ம், ம்ம் எண்டுவான் மனே. பாரம் தூக்குற ஆள் மாதிரி. நெஞ்செலும்புக்குக் கீழ பள்ளம் விழும்" என்பார் அம்மா. அந்தச் சத்தத்தை அவர் செய்து காட்டுவார். நாற்பது வருடம் கழித்தும் அதே சத்தம். ரெண்டு பகலும் ஒரு ராவும் அவன் அப்படியே முனகினான். இரண்டாம் நாள் பொழுதுபடச் சத்தம் நின்றது.

வளவின் பின்பக்கம், பூவரசின் கீழ் புதைத்தார்கள். எட்டுச் செலவு இல்லை, முப்பத்தோராம் நாள் அமுது இல்லை. பால்குடிக்கு அதெல்லாம் இல்லை என்றுவிட்டார்கள். பெத்தா அம்மாவிடம், "மறந்திடு புள்ள, அது வந்த கணக்கில இல்ல" என்றாராம்.

பெத்தாவைக் கல்நெஞ்சுக்காரி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவர் தானும் மூன்று பிள்ளைகளை அப்படிப் புதைத்தவர். 1945இல் இலங்கையில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் 140 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். ஏழு பிள்ளை பெற்ற வீட்டில் ஒன்று போகும் என்பது அன்றைய சராசரி. நாட்டுப்புறத்தில், மலேரியா நின்றாடிய வன்னியிலும் கிழக்கிலும் அது ஒன்றோடு நிற்காது. அப்படி ஒரு காலத்தில் வாழ்ந்தவர்கள் எண்ணாமல் இருக்கப் பழகினார்கள். எண்ணினால் அடுத்த நாள் எழுந்து அடுப்பு மூட்ட முடியாது. "மறந்திடு" என்பது அவர்கள் தங்கள் மகள்மாருக்குக் கொடுத்த மருந்து. வேறு மருந்து அவர்கள் கையில் இருக்கவில்லை.

அப்படியிருந்தும் அவர்கள் முழுதாக மறந்துவிடவில்லை என்பதற்கு ஊரின் பெயர்ப் பட்டியலே சாட்சி. குப்பை, பிச்சை, மூக்கன் என்று பழைய தலைமுறையில் எத்தனை பேர்! மூத்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததற்கு மூக்குக் குத்தி மூக்கன் என்பார்கள். குப்பையில் போட்டு எடுத்துக் குப்பை என்பார்கள். பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள். காலனுக்கு இந்தப் பிள்ளை மதிப்பில்லாதது என்று காட்டுவதற்கான தந்திரம் அது. மூக்கன் என்று ஒரு முதியவரை நீங்கள் கூப்பிடும்போதெல்லாம், அவருக்கு முன்னால் பிறந்து பெயரில்லாமல் போன ஒரு பிள்ளையையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறீர்கள். எண்பது வருடம் ஒருவர் சுமந்த பெயரை, சில நாள் வாழ்ந்த ஒரு சிசு தீர்மானித்திருக்கிறது.

இந்த இரட்டை மனம் நமக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 74ஆம் பாட்டு, சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையுடையது. அரச குடியில் குழந்தை இறந்து பிறந்தாலும், வெறும் தசைப்பிண்டமாகப் பிறந்தாலும், "ஆள் அன்று" என்று விட்டுவிடாமல் வாளால் கீறித்தான் அடக்கம் செய்வார்கள் என்கிறது அது. வீரச் சாவின் பெருமையைச் சொல்ல வந்த பாட்டு. எனக்கு அதில் படுவது வேறு. பிறந்து கண் திறக்காத ஒன்று ஆளா, இல்லையா என்ற கேள்வி அந்தக் காலத்திலேயே கேட்கப்பட்டிருக்கிறது. ஆள்தான் என்று முடிவெடுத்தவர்கள், அதற்கென்று ஒரு செய்கையைச் செய்திருக்கிறார்கள். அந்தச் செய்கை இன்று நமக்கு ஏற்காது. ஆனால் ஒன்றுமே செய்யாமல் பூவரசடியில் மூடிவிட்டு வந்ததை விட, அதில் மதிப்புக் கூட.

மனநோய் மருத்துவமும் நெடுங்காலம் பெத்தாவின் பக்கமே நின்றது. 1917இல் சிக்மண்ட் பிராய்ட் துக்கத்தைப் பற்றி எழுதியபோது, இறந்தவரோடு உள்ள பிணைப்பை மனம் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்றார். வேலை முடிந்தால் மனிதர் விடுதலையாகி, வேறொன்றில் மனம் வைப்பார். பிறகு அவருடைய வீட்டிலேயே சாவு நடந்தது. 1920இல் மகள் சோஃபி இன்புளுவென்சாவில் இறந்தாள். 1923இல் சோஃபியின் சின்ன மகன், நாலு வயதுப் பேரன், இறந்தான். 1929இல், மகனை இழந்த ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அதே பிராய்ட், அந்த இடத்தை எது நிரப்பினாலும் அது வேறொன்றாகவே இருக்கும் என்றும், அப்படி இருப்பதுதான் சரி என்றும் எழுதினார். கோட்பாட்டை எழுதிய கை வேறு, பேரனைத் தூக்கிய கை வேறு. நாலு வருடம் வாழ்ந்த ஒரு பையன் அந்த மனிதரை எவ்வளவு தூரம் நகர்த்தியிருக்கிறான் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 1990களில்தான், இறந்தவரோடு உள்ள உறவு அறுவதில்லை, உருமாறித் தொடர்கிறது, அது நோயும் இல்லை என்ற விளக்கம் ஆய்வாளர்களிடையே நிலைபெற்றது. பிள்ளையை இழந்த பெற்றோரோடு பேசிப் பேசித்தான் அதைக் கண்டார்கள்.

உடம்பும் இதையே சொல்கிறது. கருவிலுள்ள பிள்ளையின் கலங்கள் சில நஞ்சுக்கொடியைத் தாண்டித் தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. பிரசவத்தோடு அவை அழிந்துவிடும் என்றே முன்பு எண்ணினார்கள். 1996இல் அமெரிக்காவில் டயானா பியாங்கி என்ற மருத்துவரின் குழு, ஆண் பிள்ளை பெற்ற தாய்மாரின் இரத்தத்தில் ஆண் கலங்களைத் தேடியது. ஒரு தாயிடம், மகனைப் பெற்று 27 வருடம் கழித்தும் அவை இருந்தன. 2012இல் இன்னொரு குழு, இறந்துபோன 59 பெண்களின் மூளையைப் பரிசோதித்து, அவர்களில் 37 பேரிடம் ஆண் மரபணுவைக் கண்டது. அவர்களுள் மூத்தவருக்கு இறக்கும்போது வயது 94. பாதியில் கலைந்த கருவிலிருந்தும் இப்படிக் கலங்கள் தாயிடம் தங்குகின்றன. அவை காயம் ஆறத் துணைசெய்கின்றனவா, சில நோய்களுக்கு வழிவிடுகின்றனவா என்று ஆய்வுகள் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. அதனால் இதை வைத்துப் பிள்ளை தாய்க்குள் வாழ்கிறது என்றெல்லாம் பாட்டுக் கட்ட நான் வரவில்லை. "தங்கல்ல" என்ற பெத்தாவின் சொல்லை மட்டும் திரும்பிப் பார்க்கிறேன். தங்கியிருக்கலாம், பெத்தா.

இனி அந்த முனகலுக்கு வருகிறேன். சொல்ல வந்ததில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

சுவாசப்பைக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உண்டு. நனைந்த சொப்பின் பையின் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஊதித் திறப்பது பெரும்பாடு. காற்றறைகளும் ஈரமானவை, அதேபோல ஒட்டப் பார்ப்பவை. ஒட்டாமல் இருப்பதற்காக உடம்பு சவர்க்காரம் போன்ற ஒரு பொருளைச் சுரந்து உள்ளே பூசி வைக்கிறது. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் அது போதியளவு சுரக்கும். முந்திப் பிறக்கும் பிள்ளையிடம் அது குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் காற்றறைகள் மூடிக்கொள்ள, ஒவ்வொரு முறையும் முதல் மூச்சைப் போல ஊதித் திறக்க வேண்டியிருக்கும். இரண்டு நாளில் பிள்ளை களைத்துவிடும். அண்ணன் களைத்தது அப்படித்தான் என்று இன்று ஒரு மருத்துவரிடம் விவரித்தால் உடனே சொல்லிவிடுவார்.

1963 ஆகஸ்ட் 7ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஜோன் கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் பற்றிக். ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தவன், எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். அவனுக்கும் இதே நோய். பொஸ்டன் நகரின் சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டு போய், உயர் அழுத்த ஒட்சிசன் அறைக்குள் வைத்துப் பார்த்தார்கள். உலகத்தில் அன்று கிடைக்கக்கூடிய அனைத்தும் கிடைத்தது. 39 மணித்தியாலம் வாழ்ந்தான். எங்கள் அண்ணனும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான்.

நோயின் காரணம் அதற்கு நாலு வருடம் முன்பே, 1959இல், மேரி எலன் ஏவரி என்ற இளம் மருத்துவரால் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இந்நோயால் இறந்த சிசுக்களின் சுவாசப்பைகளைச் சோதித்து, அந்தச் சவர்க்காரப் பொருள் அங்கே இல்லை என்று காட்டியவர் அவர். ஆனால் அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் இதனால் இறந்தும், அது பெரும்பாலும் விதி என்றே விடப்பட்டது. ஜனாதிபதியின் மகன் இறந்தபின்தான் அந்த நோயின் பெயர் செய்தித்தாள்களுக்கு வந்தது. ஆய்வுக்குக் கவனமும் பணமும் திரும்பின. ஒரு பிள்ளை ஆள் என்று எண்ணப்பட்டதும், அதே நோயில் போன மற்றப் பிள்ளைகளும் எண்ணிக்கைக்குள் வந்தார்கள். ஜனாதிபதி மகனாக இருந்தால்தான் அது நடக்குமா என்று கேட்டால், எனக்கும் கோபம் வரும். ஆனால் நடந்தது அதுதான்.

அதன் பிறகு வந்தவற்றில் எனக்கு மிகவும் நெருக்கமானது 1971இல் வந்தது. இந்த நோயுள்ள சிசுக்கள் ஏன் முனகுகின்றன என்று சில மருத்துவர்கள் யோசித்தார்கள். மூச்சை வெளிவிடும்போது பிள்ளை தொண்டையைப் பாதி மூடிக்கொள்கிறது, காற்று முழுதும் வெளியேறாமல் கொஞ்சம் உள்ளே நிற்கிறது, அறைகள் ஒட்டாமல் தப்புகின்றன. அந்த இழுபறியின் சத்தம்தான் முனகல். அதாவது பிள்ளை தனக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தானே செய்துகொண்டிருக்கிறது. அதையே வெளியிலிருந்து ஒரு கருவி செய்தால் என்ன? சான் பிரான்சிஸ்கோவில் ஜோர்ஜ் கிரெகரி என்பவர், மூச்சுப் பாதையில் இடைவிடாத மெல்லிய அழுத்தம் கொடுத்துப் பார்த்தார். கடும் நோயுள்ள 20 சிசுக்களில் 16 பேர் பிழைத்தார்கள். இன்று உலகம் முழுக்கக் குறைமாதப் பிள்ளைகளின் மூக்கில் மாட்டப்படும் குழாயின் தொடக்கம் அதுதான். பெயர் தெரியாத எத்தனையோ சிசுக்கள் முனகிச் செத்ததை, யாரோ சிலர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். நியூசிலாந்தில் லிகின்ஸ் என்பவர், ஊசி ஏற்றிய ஆடு ஈன்ற குறைமாதக் குட்டிகள் எதிர்பாராமல் மூச்சு விடுவதைக் கண்டு, 1972இல் ஹவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து, பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி பிள்ளையின் சுவாசப்பையை முதிரவைக்கும் என்று நிறுவினார். 1980இல் ஜப்பானின் புஜிவாரா, மாட்டின் சுவாசப்பையிலிருந்து எடுத்த அந்தச் சவர்க்காரப் பொருளை 10 சிசுக்களுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். அண்ணன் பிறந்த அதே 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், குறைமாதப் பிள்ளைகளைச் சூட்டில் வைக்கும் கண்ணாடிப் பெட்டிகள் போதாமல், பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சோடு கட்டிவைக்கும் முறையை எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கினார். அம்மாவும் அண்ணனை நெஞ்சோடுதான் வைத்திருந்தார். வீட்டில் காய்ந்திருந்த இடம் வேறு இருக்கவில்லை.

ஸ்டீராய்டு ஊசியின் கதையில் ஒரு துயரம் உண்டு, அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. 1972இலேயே பலன் தெரிந்த அந்த ஊசி, 1990கள் வரை பல நாடுகளில் வழக்கத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு ஆய்விலும் சில நூறு தாய்மார். தனித்தனியே பார்த்தால் முடிவு உறுதியாகத் தெரியாது. எல்லா ஆய்வுகளின் எண்களையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்த பிறகுதான் சந்தேகம் நீங்கியது. அந்த இடைவெளியில் தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள் ஆயிரமாயிரம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் கொக்ரேன் என்ற அமைப்பு, 1993இல் தொடங்கியபோது, அந்தக் கூட்டுக் கணக்கின் வரைபடத்தையே தன் சின்னமாக வைத்துக்கொண்டது. அந்தச் சின்னத்திலுள்ள ஒவ்வொரு சிறு கோட்டுக்குள்ளும் பிழைத்த பிள்ளைகளும் இருக்கிறார்கள், இறந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். கூட்டாமல் விட்டிருந்தால் இரண்டும் வீண்.

எங்கள் ஊரில் கூட்டியது அம்மா.

அவருக்கு எழுதப் படிக்க ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் பிறந்த பிள்ளையைப் பார்க்க எந்த வீட்டுக்குப் போனாலும், முதலில் முகம் பார்க்க மாட்டார். துணியை விலக்கி நெஞ்சைப் பார்ப்பார், காதைக் கிட்ட வைப்பார். சிலருக்கு அது பிடிக்காது. "கண்ணூறு வைக்க வந்திருக்கா" என்று ஒரு வீட்டில் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. 1993இல், எனக்குப் பன்னிரண்டு வயது, பின் வளவு வீட்டில் ஒரு பிள்ளை பிறந்து அரை நாள். அம்மா குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்பது இன்றும் எனக்கு முன்னால் நிற்கிறது. "முனகுது. இப்பவே கொண்டு போங்க. கடைசிப் பாதை போறதுக்குள்ள." போர்க்காலம். பொழுதுபட்டால் துறை கடக்க முடியாது. அந்த வீட்டு ஆட்கள் நாளைக்குப் பார்ப்போம் என்றார்கள். அம்மா பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினார். பிள்ளையின் தாயின் தம்பி பின்னால் ஓடினான். எனக்குப் பின்னால் ஓடத் தோன்றவில்லை, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பிள்ளை இன்று எங்கள் வயலுக்கு லேண்ட்மாஸ்டர் அடிக்க வருகிறான். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். இதைப்போல நான் அறிய இன்னும் மூன்று வீடுகள். எல்லோரும் பிழைக்கவில்லை, ஒன்று வழியிலேயே போய்விட்டது. அம்மாவுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லிக் கொடுத்தவன் யார் என்று அந்த வீடுகளுக்குத் தெரியாது. அவனுடைய முழு வாழ்வும் அந்த ஒரு பாடம்தான்.

2016இல் தங்கைக்கு 31ஆம் வாரத்திலேயே பிரசவமானது. மண்முனைப் பாலம் 2014இல் திறந்தாகிவிட்டது, வாவி இப்போது தடையில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பிரசவத்துக்கு முன் அவளுக்கு இரண்டு ஊசி போட்டார்கள். பிள்ளையைப் பிறந்ததும் மூக்கில் குழாய் மாட்டிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். குழாயின் மறுமுனை தண்ணீர்ப் போத்தலுக்குள் குமிழ் விட்டுக்கொண்டிருக்கும். பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்த தங்கையிடம் அம்மா கேட்ட முதல் கேள்வி, "முனகுதா?" என்பதுதான். "முதல்ல முனகினதாம். குழாய் போட்ட பிறகு இல்லம்மா." அம்மா வாங்கில் இருந்தபடியே அழுதார். நாங்கள் பேத்திக்காக அழுகிறார் என்று நினைத்தோம். அன்றிரவுதான் அண்ணனின் கதையை முழுதாக, முதலிலிருந்து கடைசி வரை, எங்கள் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். அதுவரை துண்டு துண்டாகவே கேட்டிருந்தோம்.

ஒரு தாய் தனியே எண்ணினால் நாலு வீடு. ஒரு நாடு எண்ணினால்? இலங்கையில் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. ஒரு பிரதேசத்துக்கு ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழ் வீடு வீடாகப் போகும் மருத்துவமாதுகள் என்ற ஏற்பாடு அங்கிருந்து பரவியது. 1968இல் குடும்ப சுகாதாரப் பணியகம் வந்தது. இன்று ஒரு தாய் இறந்தால், அது ஏன் நடந்தது, எந்த இடத்தில் பிந்தியது என்று ஒவ்வொரு சாவையும் தனித்தனியே விசாரிக்கும் முறை இருக்கிறது. சிசு இறந்தாலும் பகுதி மருத்துவமாது அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுத வேண்டும். 1000க்கு 140 என்றிருந்தது 10க்கும் கீழே இறங்கியதற்கு மலேரியா ஒழிப்பு, தடுப்பூசி, பெண்கல்வி என்று பல காரணங்கள் உண்டு. அவற்றோடு இந்தப் பிடிவாதமான எழுத்துவேலையையும் நான் சேர்ப்பேன். இறந்த பிள்ளையைப் பற்றி ஒரு தாயிடம் கேள்வி கேட்பது கொடுமை என்று சிலர் சொல்வதுண்டு. அம்மா அப்படி நினைக்கவில்லை. அண்ணனைப் பற்றி அவரிடம் முதன்முதலில் கேட்டவர் அந்த மருத்துவமாதுதான். "அவ ஒரு ஆள்தான் அவன எழுதினா" என்பார்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் கடலில் போனார்கள். நாட்டில் அதிக இழப்பு அங்கேதான். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில் என்று கரை நெடுகப் பிள்ளைகள். இந்தப் பக்கம் கல்லடி, நாவலடி. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, ஞாயிறு வகுப்பு முடிந்து வந்து நின்ற பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். சுனாமிக்குப் பிறகு 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு வந்தது, 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தபோது எங்கள் கரையோர மக்கள் நேரத்துக்கு விலகி ஓட முடிந்தது. இதையெல்லாம் அந்தப் பிள்ளைகள் "தந்த" நன்மை என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சாவுகளுக்கு ஒரு பயனும் தேவையில்லை. அவர்கள் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கொன்றவர்களின் செயலுக்குப் பின்னால் நன்மை தேடிப் போவது கொன்றவர்களுக்குச் செய்யும் உதவி. சாவு எதையும் தருவதில்லை. கரையோர ஊர்களின் நினைவுக் கற்களில் பெயரும் வயதும் பொறித்திருப்பதைப் பாருங்கள். வயது 3, வயது 7, வயது 1. அந்த எண்கள் வாழ்ந்த வயதின் எண்கள். தாய்மார் அந்தக் கல்லில் விரலை வைத்துத் தடவுவது அதனால்தான்.

அண்ணனுக்குக் கல் இல்லை. பூவரசும் பிறகு ஒரு வெள்ளத்தில் சாய்ந்துவிட்டது.

அம்மா மூன்று வருடங்களுக்கு முன் காலமானார். முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அடிப்பதென்று முடிவெடுத்து, தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, படங்கள் எல்லாம் சேர்த்துக் களுவாஞ்சிகுடியில் ஓர் அச்சகத்தில் கொடுத்தோம். நடுப்பக்கத்தில் வம்சாவளி. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கீழே பிள்ளைகளின் பெட்டிகள், அவற்றுக்குக் கீழே பேரப்பிள்ளைகள். நான்தான் கையால் கீறிக் கொடுத்தேன். மறுநாள் பின்னேரம் அச்சகத்துப் பையன் தொலைபேசியில் வந்தான்.

"சேர், வம்சாவளியில அஞ்சு பெட்டி போட்டிருக்கீங்க. முதல் பெட்டிக்குள்ள பேர் வரல்ல."

"பேர் இல்ல தம்பி."

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"அப்ப பெட்டிய எடுக்கவா சேர்?"

"வேணாம். பெட்டி இருக்கட்டும்."